அம்மன் சொன்ன அருஞ்சொற்பொருள்

எனக்கு முடிவெடுக்கத் தெரியாது. இதைச் சொல்ல இப்போது வெட்கமும் இல்லை. வத்தலக்குண்டில் எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும் சர்வரே, "அண்ணனுக்கு ரெண்டு இட்லி" என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவார். இட்லியா தோசையா என்று என்னைக் கேட்டால், பின்னால் வருகிறவர்கள் பசியில் மயங்கி விழவேண்டியதுதான் என்பது ஊரறிந்த விஷயம். இப்படிப்பட்டவனைத்தான் இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே நடுவராக உட்கார வைத்தார்கள். "வழக்குத் தீக்கப் போனவன் வேட்டி கிழியாம வந்தா அது வழக்கே இல்ல" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். என் வேட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழியப் பார்த்தது என் கல்யாணம்.

அறுபதுகளின் தொடக்கம். நயா பைசா வந்து ஜனங்களுக்கு ஒருமாதிரி பழகியிருந்த காலம். நான் வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்குப் புக்கிங் கிளார்க். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை நிறுத்திவிட்டது (நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை, எனக்கு அதன் மேல் கோபமும் கிடையாது). ஆனால் படிப்பு என் டிக்கெட் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. கொடைக்கானல் மலைக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள், வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்கு வருகிறவர்கள், மாமியாரிடம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போகிறவர்கள் என்று எல்லாரும் அந்த ஜன்னலில் நின்றுதான் பேசவேண்டும். ஒரு அம்மா தன் மருமகளைப் பற்றி, "அவ பேச்சுல கூழு காய்ச்சலாம்ப்பா, அம்புட்டுச் சூடு" என்றாள். நான் டிக்கெட் எழுதுவதை விட்டுவிட்டு அந்த வாசகத்தை எழுதிக்கொண்டேன். "ஏலே, டிக்கெட்டக் குடுலே, வண்டி போயிரும்!" என்று அதே சூட்டை எனக்கும் கொஞ்சம் ஊற்றினாள்.

திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடும் இலக்கிய மன்றத்தில் நான் உறுப்பினன். நான் சேர்த்துவைத்த நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, சொலவடை எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகப் போடலாம் என்று மன்றத்தில் முடிவாயிற்று. வெளியூர்க்காரர்களும் படிக்கவேண்டும் என்பதால், நம் பக்கத்துச் சொற்களுக்கு அடியில் பொருள் எழுத வேண்டும் என்றார்கள். யார் எழுதுவது? ஒருவர் எழுதினால் அவர் தப்பு புத்தகத்தின் தப்பாகிவிடும். அப்போதுதான் நான் என் அறிவைத் திறந்தேன்.

"மாட்டுச் சந்தையில ஒரே மாட்டுக்கு ரெண்டு பேரு தனித்தனியாப் பல்லப் பிடிச்சுப் பாக்கறாங்கள்ல? ஒருத்தரு சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. அதே மாதிரி ரெண்டு பேரு தனித்தனியாப் பொருள் எழுதட்டும். ஒத்துப் போனா அச்சுக்கு. ஒத்துப் போகலன்னா மூணாவது ஆளு தீர்ப்பு."

எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாவது ஆள் யார் என்ற கேள்வி வந்தபோது, கை தட்டிய அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பொருள் எழுத வந்த இருவரையும் சொல்லவேண்டும். ஒருவர் ரெட்டியார்சத்திரத்தில் தமிழாசிரியராக இருந்த புலவர் அருணாசலம். கேட்பவர் யாராக இருந்தாலும் மேடைத் தமிழில்தான் பேசுவார். கோபமோ கூச்சமோ வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு தானாக இறங்கிவரும். இன்னொருவர் சேவுகம்பட்டி பெருமாள்சாமி. பூந்தோட்டமும் காய்கறியும் போடுகிற சம்சாரி. வாசகசாலையில் உள்ள புத்தகம் அத்தனையும் படித்துவிட்டு, பத்திரிகைகளுக்கு மறுப்புக் கடிதம் எழுதுகிறவர். தன் கருத்தை யாராவது ஒப்புக்கொண்டால் அவருக்கு அன்று தூக்கம் வராது.

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். புலவருடைய மகள் மங்கையர்க்கரசியை (வீட்டில் அரசி) எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "புத்தகம் வெளிவரட்டும் தம்பி. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டுமல்லவா?" என்று புலவர் சொல்லியிருந்தார். பெருமாள்சாமியோ என் தாயின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து நின்று மாலை எடுத்துக் கொடுக்காமல் மணவறையில் யாரும் உட்கார முடியாது. மாமன் கோபித்துக்கொண்டு வீட்டிலிருந்தால், தாலி கட்டும் முகூர்த்தமே தள்ளி நிற்கும். ஆக, புலவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் பெண் இல்லை. மாமாவுக்கு எதிராகச் சொன்னால் மணவறை இல்லை.

ஒத்துப்போய்விடுவார்கள் என்று நம்பினேன். என் நம்பிக்கைகளுக்கு என்றுமே ஆயுசு குறைவு.

கம்பெனியின் பழைய டிரிப் ஷீட்டுகளை நீளநீளத் துண்டுகளாக வெட்டி (காகிதச் சிக்கனத்தில் நான் கெட்டி), ஒரு துண்டுக்கு ஒரு சொல் என்று எழுதி, அந்தச் சொல் வருகிற வரியையும் இடம் இருந்தமட்டும் எழுதி, இரண்டு பேருக்கும் ஆள் மூலம் அனுப்பினேன். பொருள் எழுதித் திரும்பி வந்தவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தேன். ஒத்துப்போனவை டின்னின் அடியில் கிடந்தன. ஒத்துப்போகாதவை மூடியை மேலே தள்ளிக்கொண்டு நின்றன.

"வெஞ்சனம்" என்பதற்குப் புலவர், 'சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிவகை' என்று எழுதியிருந்தார். மாமா, 'இலையில் சோறு தவிர விழுவதெல்லாம். குழம்பு உட்பட' என்று எழுதி, 'குழம்பு உட்பட' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். "கருக்கல்" என்பதற்குப் புலவர் 'மாலை மங்கும் நேரம்' என்றார். மாமா 'விடியுமுன் இருட்டு' என்றார். "செத்த நேரம்" என்பதற்குப் புலவர் 'சற்று நேரம்; மிகக் குறுகிய காலம்' என்றார். மாமா எழுதியது: 'சொன்னவன் திரும்பி வருகிறவரைக்கும்.'

(டீ குடித்துவிட்டுச் செத்த நேரத்தில் வருவதாகச் சொல்லிப்போன டிரைவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு, மாமா எழுதியதுதான் வேதவாக்காகப் பட்டது. ஆனால் அரசி எந்தப் பக்கம் இருக்கிறாள் என்பதும் ஞாபகம் வந்தது.)

இரண்டு வாரம் டின்னைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டு பக்கமும் நெருக்க ஆரம்பித்தன. திண்டுக்கல் வண்டியில் வந்த கண்டக்டர் மூலம் புலவர், "நடுவர் தீர்ப்பு ஆயிற்றா?" என்று கேட்டு அனுப்பினார். மாமா பூக்கூடையோடு பஸ் நிலையத்துக்கே நேரில் வந்தார்.

"மருமகனே, குழம்பு வெஞ்சனம் இல்லன்னு எழுதுனாராமே அந்த வாத்தியாரு? நெசமா?"

"மாமா, ஒருத்தரு எழுதுனது இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாது. அது சட்டம்."

"சட்டத்த வெளக்குல கொளுத்து. குழம்பு வெஞ்சனம் இல்லன்னா அவரு வீட்டுக்கு நான் எப்படிலே சம்பந்தம் பேச வாரது? கை நனைக்கவா, வேணாமா?"

அன்று சாயங்காலம் நான் டின்னைத் தூக்கிக்கொண்டு நேராக ஊர்க்கோடி அம்மன் கோயிலுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் ஆகுமா ஆகாதா என்று தெரியாவிட்டால், அம்மன் முன்னால் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இலையில் ஒன்றுபோல மடித்துக் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்கவேண்டும். வெள்ளை வந்தால் ஆகும். சிவப்பு வந்தால் ஆகாது. கிணறு வெட்ட, மாடு வாங்க, முக்கியமாகப் பெண்ணெடுக்க இப்படிப் பார்ப்பது வழக்கம். சொல்லுக்குப் பொருள் பார்க்கவும் இது ஆகும் என்று இந்தச் சீமையில் எனக்கு மட்டும்தான் தோன்றியது. வெள்ளை நந்தியாவட்டை வந்தால் புலவர். செவ்வரளி வந்தால் மாமா (அரளி அவர் தோட்டத்துப் பூ, அவர் மறுக்கமுடியாது). தீர்ப்பு அம்மனுடையது. என் பேரில் யாருக்கும் வருத்தம் வராது. இம்புட்டுச் சுலபமான வழியை இத்தனை நாள் எந்தப் பண்டிதரும் கண்டுபிடிக்கவில்லையே என்று அவர்கள் மேல் இரக்கம்கூட வந்தது.

"என்ன காரியம் தம்பி?" என்றார் பூசாரி.

"ரெட்டியார்சத்திரம் காரியம்" என்று முனகினேன். சொல், பொருள், நடுவர் என்றெல்லாம் அவருக்கு விளக்க ஆரம்பித்தால் கோயில் நடை சாத்திவிடுவார்கள்.

பூசாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, வாத்தியார் மக! கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்." குங்குமம் வாங்க நின்றிருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டார். "ஆத்தா, சுமங்கலி கையால நீயே எடு. நல்ல காரியம்."

மனசுக்குள் 'வெஞ்சனம்' என்றேன். அந்த அம்மா எடுத்தாள். சிவப்பு.

"ஆகாதுன்னுட்டா" என்று பூசாரி என் தோளைத் தட்டினார். "விட்டுரு தம்பி. வேற எடம் பாத்துக்கலாம்."

நான் டின்னிலிருந்து துண்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, "சரி, இன்னொண்ணு போடுங்க" என்றேன்.

பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். போட்டார். 'கருக்கல்.' வெள்ளை வந்தது.

"ஆத்தா எறங்கிட்டா! ஆகுமப்பா, எந்திரி, சூடத்தத் தொட்டுக் கும்பிடு!"

"செத்த இருங்க. இன்னும் இருக்கு."

"இன்னும் என்னய்யா இருக்கு?"

"நெறையா இருக்கு. போடுங்க."

சிவப்பு விழும்போது என் முகம் வாடவில்லை. வெள்ளை விழும்போது மலரவும் இல்லை. ஒவ்வொரு தரமும் பென்சிலை நாக்கில் தொட்டுக் குறித்துக்கொண்டு "அடுத்தது" என்றேன். கொண்டுபோன பூ வாடிப்போய், பூசாரி அம்மன் மாலையிலிருந்தே இரண்டு கிள்ளி எடுக்கவேண்டி வந்தது. குங்குமம் வாங்க வந்த அம்மா, குங்குமத்தை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு ரெட்டியார்சத்திரம்னா, யாரு வீடு?" என்று பூசாரியிடம் மெதுவாகக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் குங்குமத் தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.

மறுநாள் காலையில் அதே அம்மா என் ஜன்னலில் வந்து நின்றாள். "திண்டுக்கல்லுக்கு ஒண்ணு. அங்க எறங்கி ரெட்டியார்சத்திரம் போகணும், பழனி வண்டி எத்தன மணிக்கு?" என்றாள். நான் நேரம் சொல்லி, ஜன்னலோரமாக இடமும் பார்த்துக் கொடுத்து, "பாத்துப் போங்கம்மா" என்று அனுப்பிவைத்தேன். அவள் புலவருடைய கூடப்பிறந்த அக்கா சொர்ணத்தம்மாள் என்பது எனக்குத் தெரியாது. என் தலைவிதிக்கு நானே டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன்.

நான் அதற்குள் எல்லாத் துண்டுகளிலும் தீர்ப்பெழுதி முடித்துவிட்டேன். பூ என்று எழுத முடியாதல்லவா? அதனால், 'தீர ஆய்ந்ததில்' என்று தொடங்கினேன். 'தீர ஆய்ந்ததில், ரெட்டியார்சத்திரம்.' 'தீர ஆய்ந்ததில், சேவுகம்பட்டி.' படிக்கப் படிக்க எனக்கே மரியாதை வந்தது.

அந்த வாரக் கடைசியில் கண்டக்டர் சேதி கொண்டுவந்தார்: புலவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார்; மாமாவையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். தீர்ப்பைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நான் டின்னைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். நாள் குறிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று மாமா ஜரிகை வேட்டி கட்டி, தட்டு நிறையப் பழமும் வெற்றிலையும், தோளில் ஒரு பந்து மல்லிகையும் கொண்டுவந்தார்.

வீட்டுக்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் 'வாங்க' என்ற சொல் முடிவதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் வந்துவிடும். அன்று 'வாருங்கள்' வந்தது, தண்ணீர் வரவில்லை. மாமா தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார். உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த அம்மாளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. "பழனி வண்டி கெடச்சதாம்மா?" என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தம்பி," என்று புலவர் தொடங்கினார், "ஒன்று கேட்பேன், உண்மை சொல்லவேண்டும். அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தீரா?"

சொல் விவகாரம் வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஆமாங்கய்யா. எனக்கு வேற வழி தெரியல. யாரு மனசும் நோகக் கூடாதுன்னுதான்…"

"எத்தனை முறை?"

"எண்ணலீங்க. பூசாரி பூ தீந்துபோச்சுன்னாரு."

"கேட்டியா தம்பி, கேட்டியா!" என்றாள் சொர்ணத்தம்மாள். "செவப்பு விழுந்தாலும் எழுதறான், வெள்ள விழுந்தாலும் எழுதறான். கத்திரிக்கா பொறுக்குறவன்கூட இம்புட்டுப் பொரட்டிப் பாக்க மாட்டான்!"

"முடிவாக என்ன வந்தது?" என்றார் புலவர்.

"பாதிக்குப் பாதிங்கய்யா. உங்க பக்கம் பாதி, மாமா பக்கம் பாதி."

சொர்ணத்தம்மாள் நிலையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மாமா பக்கமா?" என்று புலவர் என் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அடப்பாவி!" சொர்ணத்தம்மாள் மோவாயில் கை வைத்தாள். "நம்ம புள்ளையவும் மாமன் மகளையும் சேத்து வச்சில்ல போட்டுப் பாத்துருக்கான்! முறைப்பொண்ணு இருக்கையில இங்க எதுக்குய்யா வந்தீக?"

மாமா எழுந்துவிட்டார். மடியிலிருந்த தட்டிலிருந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டு நாலாபக்கமும் ஓடின. "ஏலே! எம்மகளுக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ள இருக்குடா! மூத்தவன் பள்ளிக்கூடம் போறான்டா!"

"ஐயோ மாமா, மதினிய இல்ல! கருக்கல், வெஞ்சனம்…"

"அது யாரு கருக்கலு?" என்றாள் சொர்ணத்தம்மாள். "மூணாவதா ஒருத்தி வேறயா!"

இனி வாயால் ஆகாது என்று டின்னைத் திறந்து அப்படியே பெஞ்சின் மேல் கவிழ்த்தேன். புலவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு துண்டை எடுத்தார். மாமா ஒன்றை எடுத்தார். "'கருக்கல். தீர ஆய்ந்ததில், ரெட்டியார்சத்திரம்'" என்று புலவர் வாசித்தார். "'வெஞ்சனம். தீர ஆய்ந்ததில், சேவுகம்பட்டி'" என்று மாமா வாசித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பெண் விஷயம் இல்லை என்று தெரிந்ததும் கோபம் போய்விடும் என்று நினைத்த என் அறியாமையை என்ன சொல்ல!

"ஏன்டா!" புலவரின் மேடைத் தமிழ் மேடையை விட்டு இறங்கிவிட்டது. "ஒரு சொல்லுக்கு எத்தன நிகண்டப் பொரட்டிருக்கேன் தெரியுமா? கண்ணு பூத்து கண்ணாடி மாத்துனேன்டா! அத நந்தியாவட்டையா தீத்து வைக்கும்?"

"நான் ஊரு ஊராப் போயி கேட்டு எழுதுனேன்யா" என்று மாமா புலவரிடம் முறையிட்டார். "வெஞ்சனத்துல நாந்தான் செயிச்சிருக்கேன். ஆனா இது செயிப்பா? அரளி செயிச்சுக் குடுத்த செயிப்பு! இத வெளிய சொன்னா எவன் மதிப்பான்?"

"தீர ஆய்ந்தானாம், ஆய்ந்து!"

"பூவ ஆஞ்சிருக்கான்யா, பூவ!"

அதுவரை சொல்லுக்குச் சொல் மல்லுக்கு நின்ற இரண்டு பேர், என்னைத் திட்டுவதில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கினார்கள். நான் எலுமிச்சம்பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். குனிந்திருந்தால் திட்டு கொஞ்சம் மேலோடு போகும்.

"இப்படிப்பட்ட புத்தி உள்ளவனுக்கு என் மகளை எப்படிக் கொடுப்பேன்?" என்றார் புலவர். "சொல்லையே பூவிடம் விட்டவன், நாளைக்கு வாழ்க்கையை எவரிடம் விடுவான்?"

திட்டு நின்று தீர்ப்பு வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமா வாயைத் திறந்தார். அவருக்கே மறுப்பு வரவில்லை. அதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. நான் முதன்முதலாகக் கேட்ட அரசியின் குரல்.

"அப்பா. நீங்களும்தான் கோயில்ல பூப்போட்டுப் பாத்தீங்க."

புலவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவருக்குக் குடுக்கலாமான்னு கேட்டப்ப மொதல்ல செவப்புதான வந்துச்சு? பூசாரி சரியாக் குலுக்கலன்னு மறுபடியும் போடச் சொன்னீங்க. அதுக்கப்பறமும் ஒரு தரம் போட்டீங்க."

"அக்கா முன்னால எதுக்கும்மா அதெல்லாம்…"

"ஏன்டா தம்பி!" என்று சொர்ணத்தம்மாள் திரும்பினாள். "செவப்பு வந்துச்சா? எங்கிட்ட மூச்சு விடலையே நீ!"

"இல்லக்கா, குலுக்குனது நெசமாவே சரியில்ல." இலக்கணப் பிழை செய்து மாட்டிக்கொண்ட மாணவனைப் போல நின்றார் புலவர். "பையன் பேச்சுல ஒரு ருசி இருந்துச்சு. விட மனசு வரல."

மாமாதான் முதலில் சிரித்தார். தோளில் கிடந்த மல்லிகைப் பந்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "வாத்தியாரே, நீங்க வெள்ள வர்ற வரைக்கும் போட்டீக. இவன் எது வந்தாலும் போட்டான். ரெண்டு பேருல புத்திசாலி நீங்கதான், சந்தேகமே இல்ல." சொல்லி முடிப்பதற்குள் நிலையருகே ஒரு சொம்புத் தண்ணீர் வந்து உட்கார்ந்தது. வளையல் போட்ட கை ஒன்று அதை வைத்துவிட்டு உள்ளே போயிற்று. நான் குடித்த தண்ணீரிலேயே ருசியானது அதுதான்.

தண்ணீர் குடித்ததும் இருவரும் டிரிப் ஷீட் துண்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பதாக முடிவு. முதலில் எடுத்தது கருக்கல்.

"உங்களுக்காகச் சொல்லவில்லை," என்றார் புலவர், "விடியற்காலை என்றே வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது."

"அதெப்படி?" என்றார் மாமா. "சித்திரையில கெணத்துல ஊத்து ஊற சாயந்தரம் ஆயிரும். பொழுது மங்கித்தான் தண்ணி எறைக்கக் கமலை கட்டுவோம். நீங்க எழுதுனதுதான் சரி."

"இல்லை, நீங்கள் எழுதியதே சரி."

"என்னய்யா, எம்பேச்ச நம்ப மாட்டீகளா?"

விட்டுக்கொடுக்கிற சந்தோஷத்தில் இருவரும் கட்சி மாறி, பழையபடி குரலை உயர்த்த ஆரம்பித்தார்கள். நான் என்னையறியாமல் மல்லிகைப் பந்தைப் பார்த்தேன். புலவர் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அப்பா," என்றது உள்ளேயிருந்து குரல், "அவருகிட்டக் கேளுங்க. அந்தப் பாட்டுல அதுக்கு மேல் வரி என்ன, கீழ் வரி என்னன்னு. நீங்க படிச்சதுல பாதி வரிதான இருக்கு?"

துண்டைப் பார்த்தார்கள். 'கருக்கல்ல எறச்ச தண்ணி' என்று இருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் டிரிப் ஷீட்டில் இடமில்லை. காகிதம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தலையும் வாலும் வெட்டி அனுப்பியிருந்தேன். மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போகாமல் பல்லை மட்டும் பிடுங்கி அனுப்பிவிட்டு, இது காளையா பசுவா என்று இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன்! அவர்கள் சண்டை போடாமல் என்ன செய்வார்கள்?

"முழுப் பாட்டும் தெரியுமா?" என்றார் புலவர்.

தெரியும். ஆனால் வெறும் வரியாகச் சொல்ல வராது, பாடினால்தான் வரும். எனக்குக் குரல் என்று ஒன்று உண்டு, பஸ் கிளம்பும்போது ஊர்ப்பேர் சொல்லக் கூவுகிற குரல். அந்தக் குரலில், வருங்கால மாமனார் முன்னால், அவர் அக்கா முன்னால், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடினேன்:

"கருக்கல்ல எறச்ச தண்ணி கடைமடைக்குப் போயிருச்சு
கஞ்சி கொண்டு வாற புள்ள கைவளையல் கேக்கலையே…"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்த வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

"காலக் கஞ்சி!" என்று மாமா தொடையில் தட்டினார். "கஞ்சி வாரதுக்கு முன்னாடி எறச்ச தண்ணின்னா விடியக்கருக்கல்தான்!" புலவரும் தலையசைத்தார். அம்மன் கொடுத்த தீர்ப்பு முதல் சொல்லிலேயே தள்ளுபடியாயிற்று.

அன்று பொழுது சாயும்வரை நான் பாடினேன். ஒவ்வொரு துண்டுக்கும் முழுப் பாட்டு. மேலும் கீழும் வரி வந்ததும் பெரும்பாலான சண்டைகள் தாமாகவே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டன. மிஞ்சியவற்றுக்கு, இந்த ஊரில் இப்படி, அந்த ஊரில் அப்படி என்று இரண்டு பொருளும் போட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது புலவர், "வெஞ்சனம் போடம்மா" என்றார். சொர்ணத்தம்மாள் குழம்புச் சட்டியைத்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமா இரண்டு தரம் ஊற்றிக்கொண்டார்.

புத்தகம் வந்தது. 'செத்த நேரம்' மட்டும் கடைசிவரை தீரவில்லை. பொருள் இல்லாமலே அச்சாயிற்று. கல்யாணமும் வந்தது. மாமா தன் தோட்டத்துப் பூவில் அவரே கட்டின மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு என்று தொப்புள் வரைக்கும். பந்தி பந்தியாகச் சனங்கள் வந்து அந்த மாலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. வெள்ளைச் சட்டையா நீலச் சட்டையா என்று நான் அலமாரி முன்னால் நின்றால், "பூசாரியக் கூப்பிடட்டா?" என்று பிள்ளைகள் கேட்கும். யாராவது என்னை ஒரு சொல் சொல்லிவிட்டார் என்று நான் பொருமிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அரசி அடுப்பை விட்டு நகராமல், "அதுக்கு மேல் வரி என்ன?" என்பாள். மேல் வரி பெரும்பாலும் நான் சொன்னதாகத்தான் இருக்கும். மருமகளும் இப்போது என் மகனிடம் அதையே கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இதை எழுத உட்காரும்போது அரசி கோயிலுக்குக் கிளம்பினாள். "செத்த நேரத்துல வாரேன்" என்றாள். இத்தனை பக்கம் எழுதி முடித்துவிட்டேன், இன்னும் வரவில்லை. மாமா எழுதிய பொருள்தான் சரி என்று இப்போது தீர்ப்புச் சொல்வேன், கேட்க அவர் இல்லை. அரசி வருவாள், கையில் பூவும் இருக்கும். என்ன நிறம் என்று நான் கேட்பதில்லை.